மீடியம் அக்காவின் இடது தோள்

அந்தத் துணித் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ‘மீடியம் அக்கா’தான். அளவுப் பட்டியலில் மீடியம் என்று எதைப் போட்டிருக்கிறார்களோ, அது அப்படியே அவள் உடம்பில் இருந்தது. பேக்கிங் பிரிவில் எட்டு வருஷமாகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை ஒருநாள், துணி வெட்டுவதற்கான அட்டையை வரைகிற பேட்டர்ன் மாஸ்டர் பார்த்தார். சூப்பர்வைசர் அம்மாவை விட்டு அளக்கச் சொன்னார். அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாளா எங்கம்மா ஒளிஞ்சிருந்தே?” என்று கேட்டார். அன்றிலிருந்து மாடியில் இருக்கும் ஃபிட்டிங் அறை அவளுடையது. புதிதாகத் தைக்கும் எந்த மாடலையும் முதலில் அவள்தான் போட்டு நடக்க வேண்டும், உட்கார வேண்டும், கையைத் தூக்க வேண்டும். அவள் உடம்பில் அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் கீழே துணி வெட்டுவார்கள்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எட்டு வருஷம் நின்றபடி பெட்டி ஒட்டி, சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத காலோடு வீட்டுக்குப் போனவளுக்குத்தான் அந்த அறையில் கிடந்த ஒற்றை நாற்காலியின் அருமை தெரியும். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் ‘எங்க அம்மா மாடல்’ என்று சொல்லித் திரிந்தாள். அதை மறுக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மாஸ்டர் பார்க்கத் தவறிவிட்டார். மார்பு, இடுப்பு, தோள் அகலம், எல்லாம் அளந்தாயிற்று. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளக்க யாருக்குத் தோன்றும்? அவளுக்கு ஒன்பது வயதில் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது. கூடியபோது ஏடாகூடமாகக் கூடியது. ஒரு விரல் அகலத்துக்கு இடது தோள் இறங்கிப் போயிற்று. பையை அந்தத் தோளில் மாட்டினால் நிற்காது, வழுக்கி முழங்கைக்கு வந்துவிடும்.

ஃபிட்டிங் அறைக்குப் போன முதல் நாளே அவள் பனியன் துணி ஒன்றை நாலாக மடித்து, உள்ளாடையின் இடது பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டாள். சட்டை நேராக நின்றது. மாஸ்டர் “அம்சமா இருக்கு” என்றார். அந்த மடிப்புத் துணி மூன்று வருஷமாக அவளோடு தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. கட்டிய புருஷனுக்குக்கூட அது தெரியாது.

இன்றைக்கு அதை வைக்க இடமில்லை.

வந்திருந்தது ஆஃப் ஷோல்டர் கவுன். தோள் இரண்டையும் வெளியே விட்டுவிட்டு, மேல் கையைச் சுற்றி ஓடும் ஓர் எலாஸ்டிக்கை மட்டும் நம்பி நிற்கிற உடை. எலாஸ்டிக்கிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கு வைத்த மடிப்பு, மார்பையும் முதுகையும் சுற்றித் தொங்கியது. கீழே ஹை-லோ. அதாவது முன்பக்கம் முழங்காலோடு நின்றுவிடும், அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, பின்பக்கம் கணுக்கால் வரை போகும்.

சும்மா சொல்லக் கூடாது, அழகான உடைதான். திரைக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டபோது அவளுக்கே ஒரு நிமிஷம் பயம் விட்டுப்போயிற்று. துணி வழவழவென்று உடம்பில் இறங்கியது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையையும் மெல்லப் பிடித்துக்கொண்டிருப்பது போல எலாஸ்டிக் பிடித்தது. ஏசிக் காற்று வெறும் தோளில் பட்டுச் சிலிர்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தாள். முழங்காலைத் தடுக்க முன்னால் எதுவும் இல்லை. பின்பக்கத் துணி மட்டும் அரை நொடி தாமதமாக வந்து கெண்டைக்காலில் உரசியது. திரும்பினாள். அது பெரிதாக ஒரு சுற்று சுற்றி வந்து அடங்கியது.

அப்புறம் கண்ணாடியில் தோளைப் பார்த்தாள். இடப்பக்கம் எலாஸ்டிக் ஒரு விரல் இறங்கியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து இடது தோளைத் தூக்கினாள். நேரானது. அப்படியே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அறையில் இரண்டே பேர். மாஸ்டர் கழுத்தில் டேப்போடு நின்றார். இவர்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியின் அதிகாரியம்மா மேஜையில் சாய்ந்து நின்றிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கீழே எட்டாயிரம் கவுனுக்கான துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. வெட்டுகிறவர் அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

“நடம்மா,” என்றார் அதிகாரியம்மா.

அவள் நடந்தாள். தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது கஷ்டமில்லை, மடிப்புத் துணி நழுவும்போதெல்லாம் பழகிய வித்தைதான். உட்காரச் சொன்னார். பின்பக்கத் துணியைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அதுவும் தேறியது. “கையைத் தூக்கு, மேல் தட்டிலருந்து எதையோ எடுக்கிற மாதிரி,” என்றார்.

அங்கேதான் வந்தது வினை. கையைத் தூக்கினால் தோளை யார் பிடிப்பது? கையை இறக்கியபோது வலப்பக்க எலாஸ்டிக் ஒழுங்காக இருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அதோடு இடுப்புத் தையலும் கோணி, இடப்பக்கக் கீழ்விளிம்பு அரை அங்குலம் தாழ்ந்து தொங்கியது.

“மறுபடி தூக்கு.”

தூக்கினாள். மறுபடி வழுக்கியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தூக்கிப் பிடித்த தோள் லேசாக நடுங்க ஆரம்பித்தது.

மாஸ்டர் கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஊசியை எடுத்து இடப்பக்க எலாஸ்டிக்கை அரை அங்குலம் பிடித்துக் குத்தினார். கீழ்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“ஒண்ணுமில்ல மேடம். லெஃப்ட்ல எலாஸ்டிக்க அரை இன்ச் கொறைச்சிடலாம். ஹெம்மையும் லெஃப்ட்ல கொஞ்சம் ஏத்திடலாம். பேட்டர்ன்ல இப்பவே மாத்திடறேன்.”

“பொம்மைல போட்டுப் பாத்தீங்களா?”

“பொம்மை மூச்சு விடுமா மேடம், நடக்குமா? நான் எப்பவும் ஆள் மேலதான் பாப்பேன்.” மூலையில் நின்ற, துணி மாட்டிப் பார்க்கிற பொம்மையின் கழுத்தில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கியது.

மாற்றிவிட்டால் கவுன் அவளுக்குக் கச்சிதமாக இருக்கும். கடையில் வாங்கிப் போடுகிற எட்டாயிரம் பெண்களுக்கு இடது கையை எலாஸ்டிக் கடிக்கும், கீழ்விளிம்பு கோணிக்கொண்டு நிற்கும். அவள் வாயைத் திறந்தால் கவுன் பிழைக்கும், நாற்காலி போய்விடும். திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போன வருஷமும் இப்படித்தான் யாருக்கும் எதுவும் தெரியாமல் போயிற்று.

போன வருஷம் வந்தது ஒல்லிப் பட்டை, அதாவது ஸ்ட்ராப், வைத்த மேல்சட்டை. அதற்குள்ளும் மடிப்புத் துணியை ஒளிக்க முடியவில்லை. அவள் தோளுக்குத் தக்கபடி மாஸ்டர் இடது பட்டையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார், அவள் பேசாமல் நின்றாள். இரண்டு மாதத்தில், இடது பட்டை இழுக்கிறது என்று சரக்குத் திரும்பி வந்தது. “ஆள் மேல போட்டுப் பாத்துத்தானே அனுப்பினேன், தைச்ச கைதான் கோணல்,” என்றார் மாஸ்டர். பட்டை தைத்தவள் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தி. அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்ட சித்தி.

“வயசாயிடுச்சு, கண்ணு தெரியலபோல,” என்று சொல்லி, சித்தியை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற மேஜைக்கு அனுப்பினார்கள். சித்தியும் அதை நம்பிவிட்டாள். கடையில் ரெடிமேடாக விற்கிற கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் ‘டீச்சரம்மா’ என்று கேலி செய்வார்கள். மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து சித்தி தலையைப் பிடித்துக்கொண்டு “மண்டை பொளக்குதுடி” என்பாள். இவள் ஓடிப்போய் மாத்திரை வாங்கி வருவாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும், நாற்காலி நினைப்பு வந்து அதை விழுங்கவைக்கும்.

கீழேயிருந்து மூன்றாவது முறை போன் வந்தது. “இதோ, பத்து நிமிஷம். கத்தியத் தயாரா வை,” என்றார் மாஸ்டர். பேட்டர்ன் அட்டையை மேஜையில் போட்டுப் பென்சிலை எடுத்தார். அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

“லைன்ல எலாஸ்டிக் யாரு போடறது?” என்று கேட்டார் அதிகாரியம்மா.

“புதுப் பொண்ணு மேடம். பாத்து ஒழுங்காப் போடச் சொல்றேன். போன தடவை அந்தம்மா பண்ணின மாதிரி இந்தத் தடவை நடக்காது.”

அவள் இடது தோளை விட்டுவிட்டாள். தானாகவே அது கீழே போயிற்று.

“மாஸ்டர், அதை மாத்தாதீங்க,” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “டிரெஸ்ல கோளாறு இல்ல. என் தோள்லதான்.”

“என்ன சொல்றே?”

“சின்ன வயசுல எலும்பு ஒடஞ்சுது. இடது தோள் எறக்கமா இருக்கும். நான்தான் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

மாஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நீள ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து, பின்னாலிருந்து அவள் இரண்டு தோளிலும் பாலம் போல வைத்தார். கையிலிருந்த சாக்பீஸை அதன் நடுவில் வைத்தார். அது இடப்பக்கமாக உருண்டு, விளிம்புக்குப் போய், கீழே விழுந்து உடைந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் காரியம் மளமளவென்று நடந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துவிட்டுக் கவுனைப் பொம்மைக்கு மாட்டினார்கள். எலாஸ்டிக் கோடு போட்ட மாதிரி நேராக உட்கார்ந்தது. அயர்ன் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் போட்டார்கள். அவள் கையைத் தூக்கினாள், இறக்கினாள், சுற்றினாள். கவுன் நூலளவும் நகரவில்லை. பேட்டர்ன் அட்டையில் ஒரு கோடும் மாற்றாமல் அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டார். போகும்போது மீடியம் அக்கா பக்கம் திரும்பி, “நல்லவேளை இப்பவாவது சொன்னே,” என்றார். அந்த ‘இப்பவாவது’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“மூணு வருஷமா?” என்றார்.

“ஆமா மாஸ்டர்.”

“அந்த ஸ்ட்ராப் மாடல்லயும்?”

“ஆமா.”

அவர் குனிந்து உடைந்த சாக்பீஸைப் பொறுக்கினார். அந்தப் பழி பாதி அவருக்கும் சேரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் மாஸ்டர்கள் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. “கீழ போ. நூல் வெட்டுற எடத்துல ஆள் கேட்டாங்க,” என்றார்.

அவள் தன் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மடிப்புத் துணியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். படியிறங்கும்போது அயர்ன் பிரிவுப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது கண்ணில் பட்டது. வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மேலே நடந்தது அவளுக்கு முன்பே கீழே வந்துவிட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலையில் சேதிக்குக் கால் முளைக்க ஐந்து நிமிஷம் போதும். நூல் வெட்டுகிற மேஜையில் பேச்சு சட்டென்று நின்றது. சித்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். சித்தி கண்ணாடிக்கு மேலாக அவள் தோளைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை, அந்தத் தோள் இறங்கியது சித்திக்குத் தெரியாததில்லை. அதையும் சட்டையையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததுதான் இல்லை.

“அப்போ அந்த ஸ்ட்ராப்பு?” என்று கேட்டாள்.

“அதுவும் என்னாலதான் சித்தி.”

“தெரிஞ்சேதான் இருந்தியா?”

“தெரியும்.”

சித்தி கத்தரியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது.

“தலைவலிக்குதுன்னு சொல்றப்பல்லாம் மாத்திரை வாங்கிக் குடுத்தியேடி,” என்றாள்.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. சித்தி அதைப் பார்க்கவில்லை. குவியலிலிருந்து ஒரு சட்டையை இழுத்து, வெறுங்கண்ணால் தையலைப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தையலோடு ஒட்ட வெட்டினாள். அடுத்ததை இழுத்தாள். கண்ணாடி சாயங்காலம் மணியடிக்கும் வரை இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. மணியடித்ததும் சித்தி அதை எடுக்காமலே எழுந்து போனாள்.