தலதா வீதியில் மாப்பிள்ளை விசாரிக்கப் போனது

கண்டியில் என்னை வெளிநாட்டுக்காரி என்று காட்டிக்கொடுத்தது நான் வீதியைக் கடந்த விதம்தான். தலதா வீதியின் மஞ்சள் கடவையில் ஒரு காலை வைத்துவிட்டு, வருகிற பஸ் எனக்காக நிற்கும் என்று நம்பிக் காத்திருந்தேன். சூரிச்சில் கடவைக்குக் கிட்டப் போனாலே கார்கள் நின்றுவிடும். இங்கே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு என் மூக்குக்கு முன்னால் போனது. அது போய் முடிவதற்குள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மூலிகைத் தோட்டம் காட்டக் கூப்பிட்டார், இன்னொருவர் கையில் கண்டி நடனத்துக்கு டிக்கெட் இருந்தது. மூன்றாமவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, என்னைத் தெரியவில்லையா மேடம், நீங்கள் தங்கியிருக்கிற ஹோட்டல் குசினியில்தான் வேலை செய்கிறேன், இன்றைக்கு லீவு என்றார். நான் தங்கியிருந்தது அஸ்கிரியவில் ஒரு வீட்டு மாடி அறையில். அங்கே குசினியே கிடையாது. நேற்று இரவு என்ன கறி வைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். மனிதர் அதே சிரிப்போடு நழுவி, அடுத்த கடவையில் நின்ற வெள்ளைக்காரரிடம் போய்விட்டார்.

சூரிச்சிலும் இப்படி ஒரு பேர்போன கடைவீதி இருக்கிறது, பான்ஹோஃப்ஸ்ட்ராசே. ஊரிலிருந்து யார் வந்தாலும் அதைக் காட்டச் சொல்லுவார்கள். நானும் முதியோர் இல்லத்துச் சமையல் வேலை முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போவேன். மணிக்கூட்டுக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், சொக்லேட் கடையில் வாசம் பிடிப்பார்கள், உள்ளே போகமாட்டார்கள். வாசலில் கறுப்புக் கோட் போட்ட காவல்காரன் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருடத்தில் அந்த வீதியில் ஒருவர்கூட நீ எந்த ஊர் என்று என்னைக் கேட்டதில்லை. தலதா வீதியிலோ பத்தடிக்கு ஒருவர் கேட்கிறார்கள். அங்கே கேட்காமல் சந்தேகப்படுகிறார்கள், இங்கே கேட்டுவிட்டுச் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்காது. அதனால் யார் கேட்டாலும் அந்த நேரத்துக்கு வசதியாக எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லிவிட்டு நடந்தேன். அது பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது.

நான் வந்தது ஊர் பார்க்க என்று நினைக்காதீர்கள். மாப்பிள்ளை விசாரிக்க வந்தேன். என் தங்கச்சியின் மகள் ஆரபி சுவிஸிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் சிநேகிதிகளோடு கண்டி பார்க்க வந்தவள், மழைக்கு ஒதுங்க இந்த வீதியில் ஒரு பித்தளைச் சாமான் கடைக்குள் ஏறியிருக்கிறாள். கடைக்கார முதலாளியின் மகன் தினேஷ் தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். தங்கச்சிக்கு முழங்காலில் ஒப்பரேஷன், அசைய முடியாது. என் கணவருக்கு லீவு இல்லை. ஆகவே சந்தேகப்படுவதில் பேர்வாங்கிய என்னை அனுப்பினார்கள்.

"எங்கட ஆக்களெண்டு காட்டிக்கொள்ளாமல் நாலு இடத்தில விசாரியக்கா," என்றாள் தங்கச்சி. "அவன் பெட்டையை விரும்பிறானோ, பாஸ்போட்டை விரும்பிறானோ எண்டு கண்டுபிடி."

அவள் வாய்விட்டுக் கேட்டது இது. கேட்காமல் கேட்டது இன்னொன்று. தினேஷின் பாட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர். என்ன ஆக்கள், என்ன சாதி என்ற அந்தக் கேள்வியை நாங்கள் குளிர்ச்சட்டைக்குள் வைத்துச் சுவிஸ் வரைக்கும் கொண்டுபோனவர்கள். எனக்கும் அது இருந்தது, இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

விசாரிப்பது என்றால் என்னவென்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்தோம். மாப்பிள்ளையின் மாமன்காரர் சந்திக் கடையில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒன்றும் ஒளிக்கவில்லை. அப்பாவின் கோபம், எனக்கு மாரியில் தொய்வு இழுப்பது, கணக்கில் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம், எல்லாம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கடைசிச் செய்திதான் முழு உண்மை என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லுவார். அந்த முறையில்தான் நானும் தலதா வீதியில் இறங்கினேன்.

சுற்றுலாப் பயணி வேஷம் நல்ல வசதி. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முதலில் இரத்தினக்கல் கடை. வாசலில் நின்ற பெடியன் ஆங்கிலத்தில் எந்த நாடு என்றான். இந்தியாக்காரர் கடுமையாகப் பேரம் பேசுவார்கள் என்று பயந்து விட்டுவிடுவான் என நினைத்துச் சென்னை என்றேன். பிறகு, எதிரே இருக்கிற பித்தளைக் கடையில் நம்பி வாங்கலாமா, அந்த இளம் முதலாளி எப்படி என்று மெல்லக் கேட்டேன். மணிக்கூடு திருத்துகிற முஸ்லிம் நானாவிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். என் தமிழைக் கேட்டால் எப்படியும் கண்டுபிடிப்பார் என்று யாழ்ப்பாணம் என்றேன். ஓட்டோக்காரரிடம் நான் நுவரவில், அதுதான் கண்டியில், பிறந்தவள், என்னை ஏமாற்ற முடியாது என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். பேக்கரிப் பிள்ளையிடம் கார்ட் எடுப்பீர்களா என்று கேட்கப்போய், எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவள் கேட்க, சுவிஸ் என்று வந்துவிட்டது. நாலு பேரிடமும் அந்தப் பையன் கல்யாணம் முடித்தவனா என்றும் கேட்டேன். ஐம்பது தாண்டிய பெண் அப்படிக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாரும் தினேஷை நல்லவன் என்றார்கள். "நல்ல புள்ள. இந்த வீதியில யாரக் கேட்டாலும் கொற சொல்ல மாட்டாங்கொ," என்றார் நானா. எனக்கு அதுதான் உதைத்தது. யாருமே குறை சொல்லாத மனிதன் ஒருவன் உலகத்தில் உண்டா? சொல்லிவைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் மீன் அடைத்த ஒரு மாலு பாணோடு உட்கார்ந்து அவன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போகிற கூட்டம் பூத்தட்டோடு போனது. வாவிப் பக்கமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அவன் கடைக்குள் போய் வெகுநேரம் சிரித்துப் பேசிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்தார்கள். அவனும் வாசல்வரை வந்து கையசைத்தான். பிடிபட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் முறைப்படி பெண்ணின் பெரியம்மாவாக அவர்கள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, கடைகளுக்குப் பின்னால் ஏறுகிற ஒழுங்கையில் வீடு. தினேஷின் அப்பா செல்வராஜ், வெள்ளை வேட்டி கட்டிய மெலிந்த மனிதர், வாசலுக்கு வந்து வாங்க வாங்க என்றார். அவர் மனைவி என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. எங்கே என்றேன். வெளியூர் போயிருக்கிறான் என்றார்கள். பெண் வீட்டார் வருகிற நாளில் என்ன வெளியூர்? ஓடிவிட்டான், என் கணக்குச் சரி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

தினேஷின் அம்மா தேநீர்க் கோப்பையை வாங்குகிற சாக்கில் கிட்ட வந்தார். "நேத்து எங்க கடைக்கு எதிர்ல பேக்கரியில ஒக்காந்திருந்தது நீங்கதானே அக்கா?"

நான் கோப்பையை நீட்டினேன். செல்வராஜ்தான் பேசினார், குரலை உயர்த்தாமல். "நாங்க சி.ஐ.டி.ன்னு நெனச்சிட்டோம்மா. ஒரே ஆளு ஒருத்தர்கிட்ட சென்னைங்குது, ஒருத்தர்கிட்ட யாழ்ப்பாணங்குது, நுவரங்குது, சுவிஸ்ங்குது. நம்ம பையனப் பத்தி நோண்டி நோண்டிக் கேக்குது. சாயங்காலம் நாலு கடக்காரங்களும் வந்து சொல்றாங்க. வேற என்னத்த நெனக்கிறது? விடிஞ்சதும் மொத பஸ்ல அவன ஹட்டனுக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

வெட்கம் காதுவரை சுட்டது. அவர்கள் ஏன் பயந்தார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. கொக்குவிலிலும் என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வருடங்களில், சந்திக் கடையில் ஒருவன் ஆள் விசாரித்தால் யாரும் கல்யாணப் பேச்சு என்று நினைக்கவில்லை. ஆமிக்குப் பயந்து பெடியன்களை ஒளித்தார்கள். நான் அதற்குள் வெளியேறிவிட்டேன், அதனால் பழைய முறையை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் பொய் சொல்லவில்லை, நாலும் உண்மை என்று சொன்னேன். அப்பா இங்கே கந்தோரில் கிளாக்கராக இருந்தபோது இதே கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் பிறந்தேன், கலவரத்தோடு யாழ்ப்பாணம் போனோம், கல்யாணம் முடித்துச் சென்னையில் இருந்தோம், பிறகு சுவிஸ் என்றேன். சொல்லிக்கொண்டு போகப் போக எனக்கே அது இட்டுக்கட்டின கதை மாதிரிக் கேட்டது. செல்வராஜ் சிரிக்கவில்லை.

"பாஸ்போட்டுக்காகன்னு நெனச்சிருப்பீங்க," என்றார். "எங்க பையன் அங்க வரலம்மா. ஒங்க பொண்ணுதான் இங்க வந்து இருக்கிறேன்னு சொல்லுது. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆரபி எங்களிடம் அதை வாயே திறக்கவில்லை.

"அதான் எங்களுக்கும் யோசன. நாலு ஊரு மாறின குடும்பம். பொண்ணு இங்க நெலச்சி நிக்குமா? நாங்களும் ரெண்டு எடத்துல விசாரிக்கணுமில்ல. ஒங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

நியாயமான கேள்வி. வாயைத் திறந்தேன், ஒரு பெயரும் வரவில்லை. கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருந்த ஒழுங்கை எதுவென்றே எனக்குத் தெரியவில்லை. கொக்குவில் கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அயலவர்கள் என்னைப் போலவே பறந்துவிட்டார்கள். சென்னை வளசரவாக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு நாங்கள் சிலோன்காரங்க, அவ்வளவுதான், பெயர்கூடக் கேட்டதில்லை. சூரிச்சில் கீழ்மாடிக் கிழவி இருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அவளுக்கு நான் வியாழக்கிழமைக்காரி. என் கணவரைக் கேட்கலாம், ஆனால் அவர் என் கட்சி. நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து என்னைப் பற்றிச் சொல்ல, என் வாய் நீளம் என்று சொல்லவாவது, ஒரு சந்திக் கடையும் எனக்கு மிச்சமில்லை. ஆரபியின் கல்யாணம் அந்த ஒரு பெயரில் நிற்கிறது, என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. ஒரு முறுக்கைக் கடித்துச் சமாளித்தேன்.

தினேஷின் அம்மாதான் கடைசியில் பேசினார். "யாரும் இல்லன்னா போகட்டும் அக்கா. நாளையிலருந்து கடைக்கு வாங்க. நாலஞ்சு நாளு எங்ககூட வாசல்ல ஒக்காந்திருங்க. அதுக்கப்புறம் நாங்க அக்கம்பக்கத்துக் கடைகள்ல ஒங்களப் பத்தி விசாரிச்சிக்கிறோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் சொன்னார்.

இன்றைக்கு மூன்றாம் நாள். தலதா வீதியில் பித்தளைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கதிரையின் முன்கால்கள் நடைபாதையில், பின்கால்கள் கடைக்குள். இரண்டு தரையும் ஒரே உயரமில்லை, ஆடுகிறது. ஹட்டனிலிருந்து திரும்பிய தினேஷ் அட்டைத்துண்டை மடித்துக் காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தான், அப்படியும் ஆடுகிறது. முதல்நாள் அவன் என்னை நேராகப் பார்க்கவில்லை. நேற்று, ஒரு யானைப் பொம்மை கண்டியில் செய்ததா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்க, இல்லை சேர், இந்தியாவிலிருந்து வருகிறது என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டான். இதுவும் எனக்காக நடிக்கிறானோ என்று அரைநாள் யோசித்தேன். என் சந்தேகக் குணம் அவ்வளவு சுலபமாகப் போகாது. காலையில் நானா தேநீர் அனுப்பினார். ஏன் அனுப்பினார், குடித்தபின் யாரிடம் என்ன சொல்லப் போகிறார் என்று யோசித்து, சீனி கூடிவிட்டது என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். இரத்தினக்கல் பெடியன் தூரத்திலிருந்தே என்னைப் பார்க்கிறான். இன்னும் நம்பவில்லை. நான் அவனிடத்தில் இருந்தாலும் நம்பமாட்டேன்.

சற்றுமுன் தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, என்ன மாதிரி? விசாரிச்சு முடிஞ்சுதோ?"

"நான் முடிச்சிட்டன். நல்ல பெடியன்," என்றேன். "என்னை விசாரிக்கிறதுதான் இன்னும் முடியேல்லை."

"உன்னையோ? ஆரிட்ட விசாரிக்கினம்?"

வீதியை மேலும் கீழும் பார்த்தேன். பேக்கரிப் பிள்ளை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டோக்காரர் யாரிடமோ என்னைக் காட்டி ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தங்கச்சியிடம் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிளேன். அதற்குள் இந்த வீதி என்னைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.