கமறியா ராத்தாவின் எழுத்து

கற்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்துகிறவனுக்கு வைரஸ் ஒரு பிரச்சினையே இல்லை. உப்புக்காற்றுத்தான் பிரச்சினை. பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் பூத்துப்போய்க் கிடக்கும். பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஃபஸ்லானுக்குக் கை திறம், வாய்தான் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் போகிறவன் என்றும் சொல்வார்கள். இரண்டையும் நான் மறுத்ததில்லை.

கமறியா ராத்தாவுக்கும் அப்படித்தான் மூன்று தடவை நாளைக்கு என்றேன். அக்காவை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம்.

அவர் இருப்பது ஆலங்குடா போகிற வழியில், தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் குடியிருப்பில். வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. அன்று யாரும் காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் இங்கே ஒரு நிவாரண அலுவலகம் திறந்து, அவரவர் காணியின் எல்லைகளை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னது. சாட்சிக்கு ஊரில் பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும். வடக்கே யாருடைய வேலி, தெற்கே என்ன மரம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அப்போது இருபத்திரண்டு வயதான கமறியா கம்ப்யூட்டரில் அடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு காணிகள். பிறகு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். தாளில் பாதியைக் கறையான் தின்றது, மீதியை வெள்ளம் கொண்டுபோனது. கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும் மிஞ்சியது. இரண்டு கம்ப்யூட்டர் மாறியும் ராத்தா அதை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அவர்களை "அகதி ஆக்கள்" என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்து வருடம் கழிந்தும் அப்படித்தான். நானும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அன்று காலை எட்டரை மணிக்குப் போனேன். ராத்தா கதவடியிலேயே நின்றார்.

"இண்டைக்கு ரெண்டு மணிக்குப் புத்தளத்தில விசாரண தம்பி. பன்னெண்டு மணி பஸ்ஸ விட ஏலா."

விஷயம் இதுதான். அவருடைய வாப்பாவின் காணியை வேறொருவர் தன்னுடையது என்று கேட்டிருந்தார். மன்னாரிலிருந்து காணி அதிகாரி ஒருவர் அன்று ஒரு நாள் மட்டும் புத்தளம் வந்து இரண்டு பக்கத்தையும் விசாரிக்கிறார். வாப்பா உயிரோடு இருந்தபோது சொன்ன எல்லை விவரத்தை எழுத்தில் கொண்டு வர வேண்டும் என்று கடிதம் சொன்னது. மற்றவர் இப்போது ஞாபகத்திலிருந்து புதிதாகச் சொல்வது செல்லாது. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் காணி திருப்பிக் கொடுக்கிற பட்டியலில் பெயர் இல்லை, காணியும் இல்லை.

பிரிண்டர் பழுதாகி ராத்தா புதிது வாங்கியிருந்தார். அது அவருடைய பழைய விண்டோஸோடு சேரவில்லை. கடையில் கொடுத்து பிரிண்ட் அடித்தால் எழுத்து வேறு மாதிரி வருகிறது என்று அவர் எப்போதும் வீட்டில்தான் அடிப்பார். ஏன் அப்படி வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"புது விண்டோஸ் போட்டாச் சரி. ரெண்டு மணித்தியாலம் கூட எடுக்காது," என்றேன்.

"எழுத்து பழுதாகாதே தம்பி?"

"ஃபைல் எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்திட்டன் ராத்தா. சும்மா பயப்பட வாணாம்."

பழையதை அடியோடு அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற ஆரம்பித்தேன். ராத்தா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து திரையில் ஓடும் எண்களையே பார்த்தார். முப்பது வீதம். நாற்பத்தொன்று. அறுபத்திரண்டில் மின்விசிறி மெதுவாகி, பல்ப் மங்கியது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் வாய்க்குள் பிஸ்மி சொன்னேன். ராத்தா சத்தமாகவே ஓதினார். பல்ப் திரும்ப வெளிச்சமானது.

பத்தேகாலுக்குப் புதிய திரை வந்தது. பிரிண்டரும் சேர்ந்துகொண்டது. நான் பெருமையாக வாப்பாவின் ஃபைலைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்துக் கூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும்.

இது எனக்குப் புதிதில்லை. பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாவிட்டால், அழுத்திய விசைகளின் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். எல்லாரும் பாவிக்கிற பாமினி எழுத்துருவை இறக்கிப் போட்டேன். இப்போது தமிழ் வந்தது, ஆனால் வாயில் நுழையாத தமிழ். ராத்தா கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"இது எங்கட எழுத்தில்ல தம்பி. ஆபிஸ்ல ஒரு மாஸ்டர் எங்களுக்கெண்டே செஞ்ச எழுத்து. அந்த எழுத்து இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இரிந்திச்சி."

அதைத்தான் நான் ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்பு அழித்திருந்தேன். எழுத்து பழுதாகாதே என்று அவர் கேட்டது அதைத்தான். எனக்குக் காது இருந்தும் கேட்கவில்லை.

அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மணி பதினொன்றாகியது. வெட்கத்தில் எனக்குக் கோபம் வந்தது; அந்தக் கோபத்தை ராத்தா மேலேயே காட்டினேன்.

"ஞாபகத்தில இரிக்கிறதச் சொல்லுங்க, நான் அடிக்கிறன். யாருக்குத் தெரியப்போகுது?"

"வாப்பா சொல்லாதத வாப்பா சொன்னதெண்டு நான் எழுத மாட்டன்." அவர் குரல் உயரவில்லை. "ஊர விட்டு வரக்குள்ள நான் சின்னப் புள்ள. எனக்கு எல்லாம் ஞாபகமில்ல. பாமினிய எடுத்திட்டுப் பழையபடி அந்த இங்கிலீசக் காட்டுங்க."

காட்டினேன். ராத்தா விசைப்பலகையை இழுத்து மடியில் வைத்தார். திரையில் முதல் எழுத்தைப் பார்த்தார், பலகையில் அதே எழுத்தைத் தேடி விரலை வைத்தார், கண்ணை மூடினார். "வ," என்றார். அடுத்ததைத் தேடி விரல் வைத்தார். "ட." அடுத்தது. "க், கே. வடக்கே."

இருபது வருடமாகப் பலகையைப் பார்க்காமலே அடித்தவர். கண்ணுக்கு ஆங்கிலமாகத் தெரிந்தது அவருடைய விரலுக்குத் தமிழாகவே இருந்தது.

என் மடிக்கணினியைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் வரிக்குப் பத்து நிமிடம் போனது. பிறகு விரலுக்கு வேகம் வந்தது. வடக்கே சின்ன மரைக்காரின் பனை வேலி. தெற்கே பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கை. மேற்கே குளக்கட்டு. கிழக்கே கிணறு. அதோடு நிறுத்திவிட்டார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.

"இவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு துண்டு இரிக்கிது. அது வாணாம். என்னப் பத்தினது."

"வாப்பா சொன்னது ஒண்டும் மாறக்கூடாதெண்டு என்னோட சண்ட பிடிச்சது யாரு ராத்தா?"

அவர் பலகையைத் திரும்ப மடிக்கு இழுத்தார். பிறகு விரலை வைத்தார். "கிணறு எங்களுடையது. ஐந்து வயதில் என் மகள் கமறியா அதில் விழுந்தாள். நான் இறங்கித் தூக்கினேன். இறங்குவதற்கு உள்ளே முன்பே எட்டுக் கல் பதித்திருந்தோம். மேலிருந்து ஆறாவது கல் அன்று என் காலடியில் பெயர்ந்து விழுந்தது, இப்போது அது இல்லை. அந்த இடத்தில்தான் என் முழங்கால் உடைந்தது."

கண்ணீர் பலகையில் விழுந்தது. "மவுத்தாகிற வரைக்கும் நொண்டித்தான் நடந்தாங்க. என்னாலதான்," என்றார்.

தாளை அச்சடித்து எடுக்கும்போது பஸ் போய்விட்டது. ராத்தாவுடைய புருஷன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். நான் ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்து ராத்தாவைப் பின்னால் ஏற்றி, சாரதியோடு முன்னால் ஒட்டிக்கொண்டு போனேன். ரெண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம்.

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தார் நாலு எல்லையையும் தடுமாறாமல் சொன்னார். அவரிடம் வரைபடமும் இருந்தது. அதிகாரி ராத்தாவின் தாளை வாசித்தார். கடைசித் துண்டை இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"கிணத்துக்குள்ள இறங்கக் கல் இருக்கா?" என்று எதிர்ப்பக்கத்தாரைக் கேட்டார்.

"இல்ல சேர். சும்மா கிணறு."

அதிகாரி அந்த ஊர்க் கிராம சேவகருக்குத் தொலைபேசி எடுத்து, போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் எங்களை வெளியே இருத்தினார்கள். ராத்தாவின் விரல்கள் மடியில் எதையோ அடித்துக்கொண்டிருந்தன.

திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். கிணற்றில் ஏழு கல் இருந்தது. மேலிருந்து ஐந்தாவது கல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி.

வெளியே வந்த ராத்தா என்னைப் பார்த்து, "பேர் நிக்கிது தம்பி," என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுதது தெரிந்திருக்கும்.

ராத்தா தன் வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்:

"இன்னும் இருநூத்திப் பதினொண்டு இரிக்கிது. என்ட விரல் இரிக்கக்குள்ள எழுதி முடிக்கணும். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாங்க. நாளைக்கு வாறன் எண்டு மட்டும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து நேரே போய், அவர் கதவைத் திறக்கும் வரைக்கும் மடிக்கணினியோடு வாசலில் நின்றேன்.