சலவைக்கடைத் தரையின் மூச்சு

என் அண்ணி எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். கடையோ பட்டறையோ கைமாறும் முன், அங்கே முன்பு என்ன தொழில் நடந்தது, அது மண்ணுக்குள் எதை விட்டுப்போயிருக்கிறது என்று ஆராய்ந்து சொல்வது அவர் வேலை. அண்ணன் அவருக்கு 'மோப்பம்' என்றே பெயர் வைத்துவிட்டான். "மோப்பம் வந்தாச்சு, சாக்ஸை எல்லாம் ஒளிச்சு வைங்கடா" என்பான்.

பிழைக்க வந்த ஊரில், குழாய்த் தண்ணீரைக்கூட இரண்டு தடவை முகர்ந்துவிட்டுக் குடிக்கிற ஆள் நான். அண்ணி வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

சோதனைக்காகக் காற்றைப் பிடிக்கப் போகும் நாளில் அவர் பவுடர் பூசமாட்டார், தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். பெட்ரோல் வாசனை கையில் ஒட்டக்கூடாது என்பதால் முந்தின சாயங்காலமே நான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்துவிடவேண்டும். எந்த மணமும் இல்லாமல் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால், வண்டியில் நான் மட்டும் போவது போலவே இருக்கும்.

அன்றைக்குப் போனது பழைய டிரைகிளீனிங் கடைக்கு. குழந்தைகள் காப்பகம் நடத்தும் டீச்சர் அதை வாடகைக்கு எடுக்க நினைத்தார். காப்பகம் இப்போதிருக்கும் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு வேறு இடம் அமையவில்லை.

"நல்லா இருக்கும்னு சொல்லிடுங்க மேடம்" என்றார் வாசலிலேயே.

"நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?" அண்ணி சிரித்தார்.

பிறகு வெறுங்கூடத்தில் மெதுவாக நடந்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த பழைய படங்களை வீட்டிலேயே பார்த்து வந்திருந்தார். சலவைக்கடைக்கு முன்னால் அங்கே வண்டிகள் நிறுத்தும் முற்றம், அதற்கும் முன்னால் ஒரு குட்டை. அவர் கால்வைத்த இடத்திலெல்லாம் நீராவி எழுவதாகவும், மேலே சட்டைகள் வரிசையாக ஆடுவதாகவும், அவற்றுக்கும் அடியில் எங்கோ தண்ணீர் அசைவதாகவும் எனக்குத் தோன்றியது. பின்னறையில் நின்றார். சிமெண்டில் போல்ட் துளைகள். "மெஷின் இங்கதான் நின்னிருக்கு. துணி வெளுக்கிற மருந்து சிந்தியிருந்தா, இதுக்குக் கீழதான் இருக்கும்."

தரையில் விரலளவு துளையிட்டு அடிக்காற்றைப் பிடித்தார். கூடத்து நடுவில், உள்ளே காற்றே இல்லாத ஓர் எஃகு உருண்டையை வைத்துத் திருகைத் திறந்தார். ஒரு பகலும் ஓர் இரவும் அது அறைக்காற்றைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். "அதுவரைக்கும் உள்ள யாரும் இருக்கக்கூடாது, டீச்சர்."

"எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்."

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்ததும் அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். அறைக்காற்றில் வெளுப்பு மருந்து ஏராளம். தரைக்கடியிலோ கொஞ்சம்தான்.

"தலைகீழா இருக்கு தம்பி. விஷம் கீழேயிருந்து மேலே வரும்போது குறையணும். இது மேலே போய்ப் பெருகியிருக்கு."

மறுபடி போனோம். டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். அண்ணி கூடத்து நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். பிறகு எழுந்து நேராகச் சுவரலமாரியைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் நீலத்திரைகள்.

"இது எப்ப வந்தது?"

"அன்னைக்குச் சாயங்காலம்தான். டிரைகிளீனிங்ல இருந்து நேரா கொண்டாந்து வச்சேன். நீங்க சொன்ன மாதிரி உள்ள இருக்கலீங்க, வச்சதும் கிளம்பிட்டேன். நீங்க திரும்பி வர்றப்ப இடம் பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சலவைக்கடையைச் சோதிக்கிற அன்னைக்கே சலவைத்துணியா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை டீச்சர்!"

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கட்டடத்துச் சொந்தக்காரர் போனிலேயே குதித்தார்: "அதான் திரைன்னு தெரிஞ்சிடுச்சே, அறிக்கையில கையெழுத்தைப் போடுங்கம்மா."

"காரணம் தெரிஞ்சது சார். காற்று எப்படின்னு இன்னும் தெரியலை" என்றார் அண்ணி.

திரைகள் வெளியேறின. ஜன்னல்கள் பல நாள் திறந்தே கிடந்தன. பின்பு அண்ணி அவற்றைச் சாத்திவிட்டு, கூடத்தில் ஒன்றும் பின்னறையில் ஒன்றுமாக உருண்டைகளை வைத்தார். இம்முறை கூடம் சுத்தம். பின்னறையில் மட்டும் மருந்து மிச்சமிருந்தது, அனுமதித்த அளவுக்குச் சற்று மேலே.

டீச்சர் முடிவைப் படிக்கவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்தார். "உங்க பிள்ளைன்னா இங்க விடுவீங்களா?"

"இன்னைக்கு விடமாட்டேன். தரைக்கடியில குழாய் போட்டு, ஃபேன் வச்சு அந்தக் காற்றைக் கூரைக்கு மேல வெளியேத்தணும். அப்புறம் நான் இன்னொரு தடவை அளக்கணும். அளவு சரியா வந்தா விடுவேன்."

டீச்சர் அங்கேயே நின்று கட்டடக்காரரைக் கூப்பிட்டார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "குழாய் போட்டாத்தான் சார் வாடகைப் பத்திரத்துல கையெழுத்து. வேற ஆளைப் பார்க்கறதுன்னா தாராளமா பாருங்க."

கடைசியில் கட்டடக்காரர் இறங்கிவந்தார். குழாய் வேலை முடியும்வரை பிள்ளைகளைத் தன் வீட்டு முன்னறையிலேயே டீச்சர் நெருக்கியடித்துப் பார்த்துக்கொண்டார். அண்ணி மறுபடி அளந்தார். சரியாக இருந்தது. அவர் அறிக்கையிலும் டீச்சர் வாடகைப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார்கள்.

இப்போது மத்தியானங்களில் அந்தப் பின்னறையில் பாய்கள் விரிகின்றன. ஃபேன் மெல்ல முனக, பழைய சலவைக்கடையின் மூச்சு குழாய் வழியே ஏறி ஆகாயத்தில் கரைகிறது. அந்த முனகல் நின்றால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்களாம்.