சொல்லாமல் எழுந்து போன கூட்டம்

எனக்கு எழுபத்தெட்டு வயசாகிறது. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அந்த அஞ்சாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூணாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து வரிசையில் நிற்காது, ஆளுக்கொரு பக்கம் சாயும். சாயட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அஞ்சாவது என் நாத்தனார் மகள். அவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது நாத்தனார் இறந்துபோனாள். ஒருத்தர் ரத்தசோகை என்றார். கல்லலில் ஒரு வைத்தியர் வயிற்றில் கட்டி என்றார். மதுரைக்குக் கொண்டு போகலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. என்ன நோவு என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. காரியம் முடிந்ததும் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். இம்புட்டுப் பெரிய பிள்ளையை இடுப்பில் வைக்கிறாளே என்று ஊர் சிரித்தது. அவளும் இறங்கவில்லை, நானும் இறக்கவில்லை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். மற்ற நாலும் அம்மா என்று கூப்பிடும். என் காதுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

இப்போது அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பெரிய வேலையில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் ஒரு வாயில் சொல்ல முடியாது. நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் கிட்டும் மெஷினும் ஒரு நாட்டில் செய்கிறார்கள். அதற்குப் பணம் கொடுக்கிறவர்கள் இன்னொரு நாட்டில் இருக்கிறார்கள். நோய் கிடப்பது வேறொரு நாட்டில். ஒருத்தர் அவசரம் இன்னொருத்தருக்குப் புரியாது. இந்த மூன்று பேரையும், கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல், ஒரே பாயில் உட்கார வைத்திருப்பதுதான் அவள் வேலை. அவளுக்குக் கீழே நாலைந்து தேசத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

என் கொழுந்தனார் ஒரு தடவை வீட்டுக்கு வந்தவர் விடாமல் கேட்டார்.

"மருமக டாக்டரா மதினி?"

"இல்ல."

"நர்ஸா?"

"அதுவும் இல்ல."

"அட, கல்யாணத் தரகுன்னு சொல்லுங்க. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு, நடுவுல சமையக்காரன்."

அவள் காபி கொண்டுவந்தவள் நின்றாள். "ஆமா மாமா, தரகுதான். இங்க கல்யாணம் நின்னா மொய் செய்யிற செலவு உங்களுக்கு மிச்சம். அங்க நின்னா ஆள் போயிரும்."

கொழுந்தனார் சிரிக்க வாயைத் திறந்தவர் காபியை வாங்கிக் குடித்தார்.

கொரோனாவுக்குப் பிறகு அவள் ஆபீஸில் எங்கே இருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரரும் மகளும் பெங்களூரில். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன வருசம் காரைக்குடிக்கு வந்தவள், அதிலிருந்து வருசத்தில் பாதி நாள் என்னோடு இருக்கிறாள். பின்கட்டில் மேற்குப் பார்த்த அறை அவளுக்கு. நாம் மதியம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குத்தான் அந்த நாடுகளில் ஆபீஸ் திறக்கும் போலிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆளாளுக்கு ஒரு கட்டத்தில் முகம் வந்து நிற்கும்.

அதில் ஒரு முகம் எனக்கு ரொம்ப வேண்டியது. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டு அம்மா. அந்த நாட்டில் டெஸ்ட் எடுக்கிற இடங்களுக்கெல்லாம் அவர்தான் பெரிய அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர் இருப்பார். நல்ல அகலமான முகம், தலையில் வர்ணத் துணி கட்டியிருப்பார். ஒரு நாள் நான் தெரியாமல் காபியோடு உள்ளே போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவு பெரிய அதிகாரி, கம்ப்யூட்டருக்குள் எழுந்து நிற்கிறார். எனக்கு அந்த மரியாதை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கூட்டம் கூடுவதற்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிடுவார். "அம்மா?" என்பார். அந்த ஒரு சொல்லை எங்கள் பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். நான் போய் உட்காருவேன். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. அவருக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு முருங்கை மரம் தெரியும். நான் அதைக் காட்டிக் கையை வாய்க்குக் கொண்டு போனேன், தின்பீர்களா என்று. அவர் ஜன்னல் வழியே கையை விட்டு ஒரு கொத்தை ஒடித்து வந்து காட்டினார். மறு வாரம் நான் எங்கள் மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் காட்டினேன். இப்படித்தான் எங்கள் பழக்கம்.

ஒரு வியாழக்கிழமை அவர் கட்டம் வரவில்லை. சாயங்காலம் பிள்ளை சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "அத்தை, அவுக போயிட்டாக" என்றாள். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டி கவிழ்ந்துவிட்டதாம். எந்த 'அவுக' என்று நான் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அவளும் ஊற்றிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில்தான் அந்த நாட்டுக்கு வருகிற வருசம் டெஸ்ட் கிட்டு உண்டா இல்லையா என்று பேச வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு அடுத்தபடி இருந்த ஒரு இளைய அதிகாரி இப்போது அவர் இடத்துக்கு வந்திருந்தார். அதிகம் வாய் பேசாத மனுஷர். பணம் கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வருவார். இந்த இளையவரால் நடத்த முடியும் என்று அவருக்கு நம்பிக்கை வரவேண்டும். வராவிட்டால் கிட்டு எல்லாம் வேறு நாட்டுக்குப் போய்விடும். அந்த நாட்டில் டெஸ்ட் நின்றுவிடும். அந்த அம்மாவும் எங்கள் பிள்ளையும் வருசக்கணக்காகக் கட்டியது அது.

காலையிலிருந்து அவள் அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"அவுக ஆபீஸ்ல கேதம் கேட்டியாத்தா?"

"மெயில் போட்டேன் அத்தை."

"மெயிலா? கேதத்துக்குத் தபால் போட்டுட்டு வேலை பேசப் போறியா?"

"எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காக. கூட்டமே அரை மணி நேரந்தான் அத்தை. அதுக்கு மேல அந்தக் கண்ணாடிக்காரர் உக்கார மாட்டாரு."

"உக்காரட்டும், உக்காராம போகட்டும். நான் கேக்கணும். எனக்கு எந்திரிச்சு நின்ன மனுஷி."

நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் கேதம் கேட்பது, அதாவது துக்கம் விசாரிப்பது, எப்படி என்று சொல்லிவிடுகிறேன். போகிறவர்களை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். போனவர்கள், எப்படி ஆச்சு, யாரு கூட இருந்தா, கடைசியாக என்ன சாப்பிட்டாக என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அழுவார்கள். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லவே கூடாது. அந்த வாசலுக்கு இதே மாதிரி மறுபடி ஒருக்கா வரவேண்டாம் என்பதற்காக. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்.

கட்டங்கள் வந்தன. இளையவர் அந்த அம்மாவின் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பின்னால் அதே ஜன்னல், அதே முருங்கை. எங்கள் பிள்ளை இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை பேசினாள். மூன்றாவது வார்த்தை வரவில்லை. ஜன்னலைப் பார்த்திருப்பாள். என் பக்கம் திரும்பாமலே, "கேளுங்க அத்தை" என்றாள்.

"எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன். அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

அவர் முதலில் ஒரு வரி சொன்னார். நான், யாரு கூட இருந்தா என்றேன். டிரைவர், அவர் பிழைத்துக்கொண்டார். கடைசியாக என்ன சாப்பிட்டாக என்றேன். அவர் சொல்லத் தொடங்கியவர்தான், நிறுத்தவில்லை. வழியில் சுட்ட சோளக்கதிர் வாங்கி, பாதியை ஒடித்து டிரைவருக்குக் கொடுத்தாராம். ரிப்பேருக்கு எடுத்துவந்த மெஷின் பெட்டியைப் பின்சீட்டில் பிள்ளையை உட்கார வைப்பதைப் போல வைத்து, அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டே வந்தாராம். ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது அந்தப் பெட்டியைத்தான் கேட்டாராம். பிள்ளை ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, சொல்ல முடியாமல் நின்றாள். கண்ணாடிக்காரர் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

அரை மணி நேரமும் அதற்கே சரியாகப் போயிற்று. இளையவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து அவளும் எழுந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்ப்யூட்டரை மூடினாள். ரெண்டு பேரும் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினோம்.

செம்பைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அத்தை, நான் சொல்லாம மூடிட்டேன்."

"சொல்லாமத்தான் வரணும்."

"அது நமக்கு! அவுகளுக்கு அது மூஞ்சியில கதவடிச்ச மாதிரி."

ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். கட்டங்கள் எல்லாம் காலி. இளையவர் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்காரரிடமிருந்து மெயில் வந்தது. உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் பேச வேண்டியது பேசப்படவில்லை, நீங்களும் சொல்லாமல் துண்டித்துவிட்டீர்கள், கிட்டுகளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று மேலே எழுதப் போகிறேன் என்று.

"இதுக்குத்தான் சொன்னேன், அரை மணி நேரந்தான்னு" என்றாள். "அங்க டெஸ்ட் நின்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். உங்க ஆத்தா செத்த மாதிரி சாவாக."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அன்று ராத்திரி ரெண்டு பேர் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது. நான் கேதம் கேட்டது தப்பு என்று அவளும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை நானும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மதியம் இளையவர் போனை எடுத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதனால்தான், கோபம் இல்லை என்று விளக்கினாள். பிறகு அவர் பேசினார். நாட்டுக்காகப் பேச வேண்டிய நேரத்தையெல்லாம் என் அழுகைக்கு எடுத்துக்கொண்டேன், அதனால்தான் நீங்கள் வெறுத்துப் போய் மூடிவிட்டீர்கள் என்று நினைத்தேன், என் ஆபீஸில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை என்றார்.

அவள் அவரிடம் இங்கிலீஷில் சொன்னதை எனக்கும் தமிழில் திருப்பிச் சொன்னாள். "எங்க ஊருல சாவு வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டாக. உறவுக்காரக சமைச்சுக் கொண்டு போவாக. நீங்க எழுத வேண்டியதை நாங்க எழுதித் தர்றோம். நீங்க சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

அவளும் அவளுக்குக் கீழே இருக்கிறவர்களும் சனி ஞாயிறு பார்க்காமல் உட்கார்ந்தார்கள். எந்த ஊரில் எந்த மெஷின், யார் பார்க்கிறார்கள், கிட்டு வந்தால் எங்கே வைப்பார்கள், எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கண்ணாடிக்காரருக்கு அவள் தனியாக எழுதினாள், எங்கள் வழக்கத்தையும் சேர்த்து. நான் அறை வாசலில் காபியை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். உள்ளே போகவில்லை.

பதில் வந்த அன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பாதி கெடச்சிருக்கு அத்தை."

"எந்தப் பாதி?"

"பட்டணத்துப் பக்கத்துப் பாதி."

அந்த அம்மா கடைசியாகப் போய்வந்த ஆஸ்பத்திரி தூரத்துப் பாதியில் இருக்கிறது. அங்கே இப்போது மெஷின் இல்லை. அந்தப் பாதிக்காக இவள் இன்னும் ஒவ்வொருத்தராகப் பேசிக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை ஆனால் குரல் பின்கட்டிலிருந்து கேட்கும். கோபம் வரும்போதெல்லாம் அவள் குரல் இறங்கும், ஏறாது. இறங்கினால் அந்தத் தூரத்து ஊர்ப் பேச்சுத்தான் என்று நான் தெரிந்துகொள்வேன்.

இளையவர் என்னைக் கூப்பிடுவதில்லை. அவர் வேறு மனுஷர், கூப்பிட வேண்டியதும் இல்லை. ஆனால் கூட்டம் முடியும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லி, அவர்கள் திரும்பச் சொல்கிற வரைக்கும் காத்திருந்து, எல்லாரும் போன பிறகு எங்கள் பிள்ளையிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுத்தான் மூடுவாராம். நான் சில நாள் கதவுப் பக்கம் நின்று பார்ப்பேன். அவர் ஜன்னலில் முருங்கை காய்த்திருக்கிறது. பறிக்க ஆள் இல்லை போல, முற்றித் தொங்குகிறது.

இவ்வளவுதான் எழுத இருந்தது. அவள் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். இந்தா பிள்ளை, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து எனக்கு வாசி. அந்த அம்மா முருங்கை ஒடித்த இடத்தில் நிதானமாகப் போ. வாசித்து முடித்ததும் சொல்லாமல் எழுந்து ஓடிவிடாதே. இது கேத வீடு இல்லை. போயிட்டு வாரேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.