மருந்து குளிர்ச்சி, அப்படித்தான் இருக்கும்

என் அக்காவின் கணவருக்குத் தொழில் அறிவியல். அதாவது, அறிவியலை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று மற்ற வாத்தியார்களுக்குச் சொல்லித்தருவது. கடலூரில் எந்த மண்டபத்தில் பயிற்சி முகாம் நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். "எதையும் தொட்டுப் பாருங்க, கேள்வி கேளுங்க, அப்புறம் நம்புங்க" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

நான் சிதம்பரத்தில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். கை ரத்தக்குழாயில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எந்தச் சிகிச்சை கையைக் காப்பாற்றுகிறது என்பது என் ஆராய்ச்சி. "இன்னும் கையையே புடிச்சிக்கிட்டு இருக்கியாம்மா?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் தவறாமல் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். மாமா ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிடத்தான் கடலூர் போனேன். நாலாவது படிக்கும் அக்கா மகள் வாசலுக்கு ஓடி வரவில்லை. வலது முழங்கையில் தடித்த கட்டோடு சோபாவில் சுருண்டு கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம் மொட்டைமாடிப் படியில் விழுந்தாளாம். மாமா அவளை நெல்லிக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நாட்டுக் கட்டு போடுகிறவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். முட்டை வெள்ளை, உளுந்து மாவு, மூங்கில் பத்தை, மேலே இறுக்கிச் சுற்றிய துணி. எக்ஸ்ரே? அதெல்லாம் எதற்கு, அவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

"சித்தி, விரலெல்லாம் வலிக்குது" என்றாள். தொட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி இருந்தன ஐந்தும்.

"மருந்து குளிர்ச்சிம்மா. முட்டையும் உளுந்தும் சேந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. மறுநாள் முகாமுக்கு ஸ்லைடு தயார் செய்துகொண்டிருந்தார். தலைப்பு, 'ஆதாரம் எங்கே?' சத்தியமாக.

அவள் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. விரலை லேசாக நிமிர்த்தியதும் வீடே அதிரக் கத்தினாள். முறிந்த எலும்பு ரத்தக்குழாயைக் கவ்வியிருக்கிறது. தப்பித்து வரும் கொஞ்ச ரத்தத்தையும் இந்தக் கட்டு மறிக்கிறது. இப்படியே விட்டால் சதை செத்து, கை போய்விடும்.

"அக்கா, கத்திரிக்கோல் எடு."

மாமா எழுந்து வந்து குறுக்கே நின்றார். "மூணு கட்டு முடியற வரைக்கும் வேற யாரும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அங்க எத்தன பேருக்கு சரியாயிருக்கு தெரியுமா?"

"எத்தன பேருக்கு ஆகலன்னு எனக்குத் தெரியும் மாமா. அவுங்கதான் எங்கிட்ட வர்றாங்க. தள்ளுங்க."

நான் சொல்லி அவர் நகரவில்லை. அக்காதான் அவரைப் பிடித்துத் தள்ளினாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே அவள் செய்திருக்க வேண்டிய காரியம் அது.

கட்டை வெட்டியெடுத்து, அவளைச் சிதம்பரத்துக்குக் காரில் கொண்டுபோகும்போது முன் சீட்டிலிருந்து, "நரம்புதான, சரியாயிடும்ல?" என்றார் மாமா.

"நரம்பு இல்ல மாமா, ரத்தக்குழாய். இத வேற நீங்க பாடம் எடுக்கறீங்க." என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ரொம்ப நிம்மதியாக இருந்தது.

எலும்பை நேராக்கி, நசுங்கிய குழாயை வெட்டிவிட்டு, அவள் காலிலிருந்து ஒரு துண்டு ரத்தக்குழாய் எடுத்து இணைத்தோம். "உங்க ஆராய்ச்சிக்கு நல்ல கேஸ் மேடம்" என்று பல்லைக் காட்டினான் உடன் நின்ற ஜூனியர் டாக்டர் மகானுபாவன் ஒருவன். வாயை மூடச் சொன்னேன். கை பிழைத்தது. இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக நிமிரவில்லை.

சில மாதம் கழித்து அவர் முகாமுக்குச் சிறப்பு விருந்தினராக என்னையே கூப்பிட்டார். அக்காவுக்காகப் போய்த் தொலைத்தேன். பொன்னாடை, குத்துவிளக்கு, எல்லாம் ஆன பிறகு மாமா மைக்கைப் பிடித்தார்.

"என் பொண்ணு விரல் சில்லுன்னு இருந்துச்சு. உடனே எனக்கு சந்தேகம் வந்துச்சு. இதத்தான் நான் அறிவியல் மனப்பான்மைன்னு சொல்றேன்!"

மண்டபமே கைதட்டியது.

"கேள்வி இருந்தா தயங்காம கேளுங்க" என்றார்.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இரண்டு விரல்கள் மடங்கிய சின்னக் கை.

"ராத்திரி முழுக்க வலிக்குதுன்னு அழுதனே, நீங்க ஏன்ப்பா தொட்டே பாக்கல?"

மைக் அவர் கையில்தான் இருந்தது.