பூசைக்கு நிறுத்திய பெட்டி

பார்ப்பதற்கு ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரிதான் இருக்கும். மதுரையில் நான் அட்டெண்டராக இருக்கும் கல்லூரியில், இயற்பியல் ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் மேடம் ஞாபகம் வரும். ஆராய்ச்சிக்கு வந்தவர். என் மகள் வயது, ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் படித்தது எட்டாவதுவரை. அவர் சொல்லி எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். வெளிநாட்டில் அணுவுக்குள் இருக்கும் துகள்களை மோதவிட்டுப் பார்க்கிறார்களாம். அங்கே வைக்கிற சிலிக்கான் சில்லு, விரல் நகமளவு, வருடக்கணக்கில் கதிர்வீச்சில் கிடந்தாலும் கெடக் கூடாது. அப்படித் தாங்கும் சில்லுக்காக மேடம் நான்கு வருடம் உழைத்தார். வெளியே அனுப்பிக் கதிர்வீச்சு கொடுத்து வாங்கிய சில்லுகளை அளந்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியில் மைனஸ் இருபதில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போடச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூசைக்கு மெஷின்களை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாளும் ஓய்வு விடுவது எங்கள் வழக்கம். மேடம் ஊருக்குப் போயிருந்தார். கரண்ட் போவதைப் பற்றித்தான் சொல்லியிருந்தார், பூசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலையில் போட்டேன். அவர் சாயங்காலம் வந்தபோது மைனஸ் இருபது காட்டியது.

அடுத்த வாரம் அளந்தார். கதிர்வீச்சு பட்ட சில்லில் கரண்ட் கசியும், கெட்ட அளவுக்குக் கசிவு. நினைத்ததில் பாதிதான் கசிந்ததாம். எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார்.

"சூடே படாமத்தானே வச்சிருந்தோம்? அப்படியும் இம்புட்டுக் கம்மி. நம்ம சில்லு தாங்கிருச்சுண்ணே."

சூடு பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அறைச் சூடு பட்டாலே கதிர் பட்ட காயம் கொஞ்சம் ஆறிவிடும், நாம் நல்ல சில்லு என்று ஏமாந்துபோவோம் என்றார். கையில் இருந்த அல்வாவை மடித்து வைத்துவிட்டேன்.

கூட வேலை பார்ப்பவனிடம் சொன்னேன். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு மாப்ள. உனக்கென்ன மெடலா குத்தப் போறாக?" என்றான். மூன்று நாள் சும்மா இருந்தேன். நாலாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

மேடம் திட்டவில்லை. எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்றேன். எழுதி வைத்திருந்த தாள்களில் குறுக்கே கோடு போட்டார். பெட்டியில் அறிவிப்பு ஒட்டாதது தன் தவறு என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார். என் பெயர் வரவில்லை.

புதுச் சில்லுகள் வர எட்டு மாதம். வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் என் ஊர் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனேன். அளந்த அன்று பக்கத்தில்தான் நின்றேன். எண்ணை இரண்டு தடவை பார்த்தார்.

"தாங்கலைண்ணே."

அதையே ஆய்வேட்டில் எழுதினார். பட்டம் கிடைத்தது. கூப்பிடுவதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டு ஆய்வகம் கூப்பிடவில்லை. இப்போது சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று கேள்வி.

போகிற அன்று காளவாசல் பஸ் ஸ்டாப்பில் அவர் பைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நீங்க அன்னைக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே" என்றார்.

இருந்திருக்கலாம் மேடம் என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.