தலைவர் தந்த சம்மதம்

எங்கள் குப்பத்தில் தலைவர் சரி என்றால் ஊரே சரி என்றதாகும். இன்றைக்கு யாரும் வலை இறக்கக்கூடாது என்று அவர் சொன்னால் அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாமலே என்னோடு சென்னைக்கு வந்திருந்தது.

கணக்குத் தணிக்கையாளர்களின் மனப்பான்மை பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மேலதிகாரி நெருக்கினால் கண்ட தவறைச் சொல்லாமல் விடுவார்களா என்பதுதான் கேள்வி. ஒரு தணிக்கை அலுவலகத்தின் தலைவரைப் போய்ப் பார்த்தேன். படிவத்தைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் நிரப்பித் தருவாங்கம்மா, நான் சொல்லிடறேன்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரே வாரத்தில் மொத்தக் கட்டும் கூரியரில் வந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விடுதி அறையில் அந்தக் கட்டைப் பிரித்தபோது எனக்கிருந்த மிதப்பு கொஞ்சமல்ல.

ஆய்வு நெறிமுறை பற்றிய அத்தியாயத்தை எழுத ஊருக்கு வந்தேன். வீட்டில் எப்போதும் சத்தம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் மரநிழலில் உட்கார்ந்து எழுதுவேன். 'பங்கேற்றவர்கள் தாமாகவே முன்வந்து பதிலளித்தனர்' என்று எழுதியதும், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூரியர் உறையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா பேசினார்.

"இன்னா தாமா முன்வந்து? சார் ரூமுக்குக் கூப்ட்டாரு, அவர் எதிர்லயே டிக் போட்டோம். மேலதிகாரி சொன்னா தப்ப மறைப்பியான்னு கேட்டுக்கிற. அவரு பாத்துனுகிறாரு. நீயா இருந்தா இன்னா போடுவ?"

"வேணாம்னு சொல்லியிருக்கலாமேக்கா."

அவர் சிரித்தார். "யாருகிட்ட? உன்ன நாங்க யாருமே பாக்கலியே."

என் ஆய்வு வழிகாட்டியிடம் தொலைபேசியில் சொன்னேன். "அந்தக் கட்டை எடுத்துட்டா உன் ஆய்வுல பாதி போயிடும். இன்னும் ஒரு வருஷம் ஆகும். பலர் இப்படித்தான் வாங்கறாங்க. யோசிச்சுக்கோ" என்றார். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அப்பா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"நைனா, அந்தக் காகிதம் எதுவும் ஆவாது."

"ஏன், நனைஞ்சிட்ச்சா?"

"இல்ல. அவங்களக் கேக்காம வாங்கிட்டேன்."

"அவங்க தலைவரு ஒத்துக்கினாரு இல்ல?"

"ஒத்துக்கினாரு."

"அப்றம் இன்னா?" என்று அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கினார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எதை இழக்கப்போகிறேன் என்று சொன்னாலும் அந்த வீட்டில் யாருக்கும் புரியாது. வழிகாட்டிக்குப் புரிந்தது, ஆனால் அதை இழக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அந்தப் பதில்களைப் பயன்படுத்தப் போவதில்லை என்று வழிகாட்டிக்கு எழுதினேன். பிறகு அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் படிவம் அனுப்பினேன். பெயர் எழுத வேண்டாம், விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம், பதிலை நேராக என் விடுதிக்கே அனுப்பலாம் என்று கையால் எழுதி வைத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மூன்றே உறைகள் வந்தன. ஒன்றில் எந்தக் கட்டமும் நிரப்பப்படவில்லை. மேலே 'எனக்கு விருப்பமில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, மற்ற இரண்டோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.